கடைசி அழைப்பில் கேட்டில் நின்ற இருவர்: ஒரு கனெக்ஷன் வழக்கின் முழுக் கதை

ஸ்பெயினின் வடமேற்கு மூலையில் அட்லாண்டிக் கடலோரமாக இருக்கிறது அ கொருன்யா. அங்கிருந்து டொமினிக்கன் குடியரசின் தலைநகரான சான்டோ டொமிங்கோவுக்குப் போக இரண்டு பேர் ஐபீரியா நிறுவனத்திடம் டிக்கெட் வாங்கினார்கள். மாட்ரிட்டில் விமானம் மாற வேண்டும். முதல் விமானம் 13:30-க்குக் கிளம்பி 14:40-க்கு மாட்ரிட் சேரும். அடுத்தது 16:05-க்குக் கிளம்பும். நடுவில் 85 நிமிடம். அ கொருன்யா கவுண்டரிலேயே பெட்டிகளுக்கு சான்டோ டொமிங்கோ வரை டேக் போட்டுவிட்டார்கள். இரண்டு விமானத்துக்குமான போர்டிங் பாஸும் கைக்கு வந்துவிட்டது. பயணி செய்ய வேண்டியதெல்லாம் அத்தோடு முடிந்தது.

முதல் விமானம் 1 மணி 25 நிமிடம் தாமதமானது. இந்த இருவரும் மாட்ரிட்டில் அடுத்த விமானத்தைப் பிடிக்க மாட்டார்கள் என்று ஐபீரியா முன்கூட்டியே முடிவு செய்து, 15:17-க்கு இரண்டாவது விமானத்துக்கான அவர்களுடைய போர்டிங் பாஸ்களை ரத்து செய்தது. ஆனால் அவர்கள் வந்துவிட்டார்கள். கேட்டில் பயணிகளுக்கான கடைசி அழைப்பு போய்க்கொண்டிருக்கும்போதே வந்து நின்றார்கள். ஊழியர்கள் ஏற்றவில்லை. போர்டிங் பாஸ் ரத்தாகிவிட்டது, இருக்கைகள் வேறு ஆட்களுக்குப் போய்விட்டன என்பது சொன்ன காரணம். மறுநாள் வேறு விமானத்தில் போனார்கள். ஊர் போய்ச் சேர்ந்தபோது 27 மணி நேரம் பிந்தியிருந்தது.

தலைக்கு 600 யூரோ கேட்டு அ கொருன்யாவின் வணிக நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். அந்த நீதிமன்றம் சட்டக் கேள்வியை லக்சம்பர்க்கில் இருக்கும் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றத்துக்கு அனுப்பியது. வழக்கு எண் சி-321/11. தீர்ப்பு 2012 அக்டோபர் 4-ஆம் தேதி வந்தது.

நான் திருச்சியில் டிக்கெட் போடும் வேலையில் இருக்கிறவன். கனெக்ஷன் போச்சு என்று நடுராத்திரியில் போன் வராத மாதம் எனக்குக் கிடையாது. இந்தத் தீர்ப்பை முதலில் படித்தபோது என்னை நிறுத்தியது 600 யூரோ இல்லை, அந்த 15:17 தான். 85 நிமிடத் தாமதத்தை அட்டவணையோடு கூட்டிப் பார்த்தால், அந்த நேரத்தில் முதல் விமானம் இன்னும் மாட்ரிட்டில் இறங்கியிருக்காது. அவர்கள் ஓடத் தொடங்குவதற்கு முன்பே அவர்களுக்கான இடம் போய்விட்டது. இறங்கி, மூச்சு வாங்க ஓடி, கேட்டைக் கண்டுபிடித்து, கையில் இருந்த தாளை நீட்டிய கணத்தில் அந்தத் தாளுக்கு மதிப்பே இல்லை. அது அவர்களுக்குத் தெரியாது.

15:17-க்கு என்ன நடந்தது

எங்கள் தொழிலில் இதற்கு ஆஃப்லோட் என்று பெயர். இணைப்பு விமானத்தில் வரும் பயணி நேரத்துக்கு வர மாட்டார் என்று தெரிந்தால் அவர் பெயரை அடுத்த விமானத்தின் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள். ஏன் அத்தனை அவசரம் என்று பயணிகள் கேட்பார்கள். இரண்டு காரணம் உண்டு.

ஒன்று இருக்கை. நீண்டதூர விமானங்களில் இருக்கும் இடத்தைவிடக் கூடுதலாக டிக்கெட் விற்பது வழக்கம். வராதவர்கள் சிலர் எப்படியும் இருப்பார்கள் என்ற கணக்கு அது. எல்லோரும் வந்துவிட்டால் கவுண்டரில் காத்திருப்போர் பட்டியல் நீளும். தாமதமான விமானத்தில் வரும் இரண்டு பேரின் இடம் அப்போது உடனே கைமாறும்.

இன்னொன்று பெட்டி. பயணி இல்லாமல் அவர் பெட்டி மட்டும் சர்வதேச விமானத்தில் போகக்கூடாது என்ற விதி சும்மா வந்ததில்லை. 1985 ஜூன் 23 அன்று ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் அயர்லாந்துக் கரைக்கு அப்பால் வானத்திலேயே வெடித்து 329 பேர் இறந்தார்கள். வெடிகுண்டு இருந்த பெட்டி வான்கூவரில் செக்-இன் ஆகி, விமானம் மாற்றி ஏற்றப்பட்டது. அதை ஒப்படைத்த ஆள் ஏறவே இல்லை. அதற்குப் பிறகு உலகம் முழுவதும் பெட்டியையும் ஆளையும் பொருத்திப் பார்ப்பது கட்டாயமானது. ஆள் வரவில்லை என்றால் சரக்கறையில் அவருடைய பெட்டியைத் தேடி இறக்க வேண்டும். அதற்கு நேரம் பிடிக்கும். அதனால் முடிவை முன்கூட்டியே எடுக்கிறார்கள்.

இரண்டு காரணத்திலும் நியாயம் இருக்கிறது. 250 பேர் உட்கார்ந்திருக்கும் விமானத்தை இரண்டு பேருக்காக நிறுத்திவைத்தால் அந்த 250 பேரில் எத்தனை பேருக்கு அந்தப் பக்கம் கனெக்ஷன் போகும் என்பதையும் யோசிக்கத்தான் வேண்டும். என் கேள்வி வேறு. ரத்து செய்ததற்கான ஊகம் பொய்யாகி, ஆள் நேரிலேயே வந்து நிற்கும்போது யார் நஷ்டத்தை ஏற்பது?

மாட்ரிட் பராஹாஸ் விமான நிலையத்தைத் தெரிந்தவர்களுக்கு அந்த ஓட்டம் எவ்வளவு பெரியது என்று தெரியும். 2006-இல் திறந்த நான்காம் முனையம்தான் ஐபீரியாவின் வீடு. மூங்கில் பட்டைகள் வேய்ந்த அலை அலையான கூரையும் நிறம் மாறிக்கொண்டே போகும் தூண்களும் கொண்ட மிக அழகான கட்டடம், மிக நீளமான கட்டடமும்கூட. பாஸ்போர்ட் சோதனை இல்லாமல் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் ஷெங்கன் எல்லைக்கு வெளியே போகும் விமானங்களுக்கு ஏறத்தாழ 2 கிலோமீட்டர் தள்ளித் தனியாக ஒரு துணை முனையம் இருக்கிறது. ஓட்டுநர் இல்லாத ரயில் சுரங்கம் வழியாக அங்கே கொண்டுபோய் விடும். எஸ்கலேட்டரில் இறங்கி, ரயிலுக்குக் காத்திருந்து, மறுபடி ஏறி, பாஸ்போர்ட் சோதனையில் நின்று, அதற்குப் பிறகு கேட் எண்ணைத் தேட வேண்டும். உள்நாட்டு விமானத்தில் வந்து அட்லாண்டிக் தாண்டும் விமானம் பிடிக்கிறவர்களுக்குப் பொதுவான பாதை இதுதான்.

இப்படிப்பட்ட இடத்தில் 85 நிமிடம் போதுமா? விமானம் நேரத்துக்கு வந்தால் போதும். ஒவ்வொரு விமான நிலையத்துக்கும், அதற்குள் எந்த முனையத்திலிருந்து எந்த முனையத்துக்கு என்பதற்கும், மினிமம் கனெக்டிங் டைம், அதாவது விமானம் மாறத் தேவையான குறைந்தபட்ச நேரம், என்று ஓர் எண் உண்டு. ஃபிராங்க்ஃபர்ட்டுக்குப் பல காலமாக 45 நிமிடம் என்று சொல்வார்கள். அமேடியஸ், சேபர் போன்ற புக்கிங் சிஸ்டம்கள் அந்த எண்ணுக்குக் கீழே இரண்டு விமானத்தை ஒரே டிக்கெட்டில் கோக்க விடாது. அந்த எண்ணுக்கு மேலே ஒரு நிமிடம் இருந்தால்கூட விற்கும். முதல் விமானம் கால தாமதமின்றி வரும் என்ற நம்பிக்கையின் மேல் கட்டிய எண் அது. திரையில் பச்சையாகக் காட்டுகிறதே என்று பயணி நினைக்கிறார். பச்சை என்றால் விற்கலாம் என்று அர்த்தம், அவ்வளவுதான்.

நிறுவனம் சொன்ன வாதம்

ஐபீரியாவின் வாதத்தை நேர்மையாக எடுத்துச் சொன்னால் இப்படி வரும். விமானப் பயணிகளின் உரிமைகள் பற்றிய ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 எண் கொண்ட ஒழுங்குவிதியில், கூடுதலாக டிக்கெட் விற்றுவிட்டு ஆளை ஏற்ற மறுப்பது ஒன்று, தாமதம் வேறொன்று. இங்கே ஆளை ஏற்றாததற்குக் காரணம் முந்தைய விமானத்தின் தாமதம். எனவே இது தவறவிட்ட கனெக்ஷன். ஏற்ற மறுப்புக்கான நஷ்டஈடு இதற்குப் பொருந்தாது.

கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. ஏனென்றால் அந்த ஒழுங்குவிதியின் எழுத்தில் தாமதத்துக்கு ரொக்க நஷ்டஈடு என்று எங்கேயும் கிடையாது. சாப்பாடு, தங்கும் இடம், போன் வசதி, ரொம்பத் தாமதமானால் டிக்கெட் பணம் திரும்ப, இவ்வளவுதான். 250, 400, 600 யூரோ என்ற தொகைகள் ஏற்ற மறுப்புக்கும் விமான ரத்துக்கும் எழுதப்பட்டவை. 2009 நவம்பரில் ஸ்டர்ஜன் தீர்ப்பு மூலம் நீதிமன்றம்தான் 3 மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகச் சேர்ந்தவர்களுக்கும் அந்தத் தொகை உண்டு என்றது. அதை விமான நிறுவனங்கள் பல நாடுகளில் எதிர்த்துக்கொண்டிருந்த காலம் அது. அ கொருன்யா வழக்கு நடந்த வேளையில் அந்தச் சண்டை ஓய்ந்திருக்கவில்லை. நெல்சன் வழக்கில் நீதிமன்றம் ஸ்டர்ஜனை மறுபடி உறுதி செய்தது 2012 அக்டோபர் 23 அன்றுதான். ஆகவே இந்த இரண்டு பயணிகளுக்கு எந்தப் பெயரில் நஷ்டஈடு கேட்பது என்பதே பெரிய விஷயமாக இருந்தது.

நீதிமன்றத்தின் பதில்

நீதிபதிகள் முதலில் பழைய விதியைப் பார்த்தார்கள். 1991-இல் வந்த 295/91 விதி, கூடுதலாக டிக்கெட் விற்றதால் ஏற்ற மறுப்பதை மட்டும் சொன்னது. 2004-இல் எழுதிய புது விதியில் அந்தச் சொல் ஏற்ற மறுப்பின் விளக்கத்தில் இல்லை. சட்டம் இயற்றியவர்கள் வேண்டுமென்றே விரித்து எழுதியிருக்கிறார்கள் என்றது நீதிமன்றம். மனம் ஒப்பாமல் விமான நிலையத்தில் விடப்படும் பயணிகளின் எண்ணிக்கை அதிகமாக இருக்கிறது, அதைக் குறைக்க வேண்டும் என்பதுதான் அந்த விதியின் நோக்கம்.

ஏற்ற மறுக்க நியாயமான காரணங்கள் என்று விதி சில உதாரணங்களைத் தருகிறது. உடல்நலம், பாதுகாப்பு, சரியான பயண ஆவணம் இல்லாமை. இவையெல்லாம் பயணியின் பக்கத்தில் இருப்பவை. முந்தைய விமானம் தாமதமானதில் பயணியின் பங்கு என்ன? ஒன்றுமில்லை. எனவே அதை இந்தப் பட்டியலில் சேர்க்க முடியாது.

அடுத்து வரும் வரிதான் என் பார்வையில் தீர்ப்பின் உயிர். எப்படிப் பார்த்தாலும் பொறுப்பு நிறுவனத்துடையது என்று மூன்று வழியாகச் சொல்கிறது நீதிமன்றம். முதல் விமானத்தின் தாமதத்துக்கு நிறுவனம் காரணமாக இருக்கலாம். அல்லது பயணி நேரத்துக்கு வரமாட்டார் என்று தவறாகக் கணித்திருக்கலாம். அல்லது மாறிப் போகப் போதுமான நேரம் இல்லாத இரண்டு விமானங்களைச் சேர்த்து விற்றிருக்கலாம்.

அந்த மூன்றாவதை எத்தனை பேர் கவனித்தார்களோ தெரியாது, நான் அதை ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். குறுகிய கனெக்ஷனைத் தேர்ந்தெடுத்தது நீங்கள்தானே என்று பயணியைக் குற்றம் சொல்லும் பேச்சை அது அடியோடு நிறுத்துகிறது. கணினி கோத்துக் கொடுத்ததை, நிறுவனம் விலை போட்டு விற்றதை, பயணி நம்பி வாங்கினார். கோத்தவருக்குத்தான் அந்த இடைவெளியின் பொறுப்பு.

இதற்கு மாறாக முடிவெடுத்திருந்தால் என்ன ஆகும் என்பதையும் தீர்ப்பு பார்க்கிறது. வேறொரு விமானத்தின் தாமதத்தைக் காட்டிக் காட்டியே நிறுவனங்கள் ஏற்ற மறுப்பிலிருந்து நழுவிக்கொள்ளும். அதனால், ஒரே ஒப்பந்தத்தில் உடனடியாக இணையும் விமானங்களுக்கு ஒரே தடவையில் செக்-இன் செய்த பயணியை, நிறுவனத்துக்குப் பொறுப்பான தாமதத்தை வைத்து, அவர் வரமாட்டார் என்று தவறாக ஊகித்து ஏற்றாமல் விட்டால் அது ஏற்ற மறுப்புதான் என்று முடித்தது.

ஓடியது என்ன தந்தது

இந்த வழக்கில் எல்லாமே ஓர் உண்மையின் மேல் நிற்கிறது. அவர்கள் கேட்டுக்குப் போனார்கள். ஏற்ற மறுப்பு என்பதன் விளக்கமே, பயணி ஏறுவதற்காகத் தன்னை முன்நிறுத்தியிருக்க வேண்டும் என்று தொடங்குகிறது. 16:05 விமானத்தை இனிப் பிடிக்க முடியாது என்று நினைத்து, இறங்கிய இடத்திலேயே உதவி கவுண்டரின் வரிசையில் போய் நின்றிருந்தால் நிறுவனத்தின் ஊகம் உண்மையாகியிருக்கும். கடைசி அழைப்பு முடிவதற்குள் போய் நின்றதால் ஊகம் பொய் என்று நிரூபணமானது. அந்தச் சில நிமிடங்களின் மதிப்பு தலைக்கு 600 யூரோ.

இன்னும் ஒரு நுட்பம் இருக்கிறது. விமான ரத்துக்கோ தாமதத்துக்கோ நஷ்டஈடு கேட்டால், அசாதாரணச் சூழ்நிலை என்று நிறுவனம் தப்பிக்க ஒரு வாசல் உண்டு. மோசமான வானிலை, வான்போக்குவரத்துக் கட்டுப்பாடு போன்றவை. ஏற்ற மறுப்புக்கு அந்த வாசல் கிடையாது. இதே 2012 அக்டோபர் 4 அன்று ஃபின்ஏர் சம்பந்தப்பட்ட இன்னொரு வழக்கில் நீதிமன்றம் அதைத் தெளிவாகச் சொன்னது. அங்கே ஒரு வேலைநிறுத்தத்துக்குப் பிறகு விமானங்களை மாற்றி அமைத்தபோது ஒரு பயணியை ஏற்றாமல் விட்டிருந்தார்கள். ஆக, கேட்டில் நின்று மறுக்கப்பட்டவரின் கை, கேட்டுக்கே போகாதவரின் கையைவிட வலுவானது. அன்றும் அப்படி, இன்றும் அப்படி.

கிட்டத்தட்ட ஐந்து மாதம் கழித்து

அப்படியானால் ஓட முடியாதவர்கள்? முழங்கால் வலியோடு பயணிப்பவர்கள், கைக்குழந்தையோடு வருபவர்கள், இறங்கும்போதே அடுத்த விமானம் போய்விட்டவர்கள்? அதற்கான விடை 2013 பிப்ரவரி 26 அன்று வந்தது. வழக்கு எண் சி-11/11.

ஜெர்மனியின் பிரேமன் நகரிலிருந்து பராகுவேயின் தலைநகர் அசுன்சியோனுக்குப் போன ஒரு பெண் பயணியின் வழக்கு அது. வழி பாரிஸ், பிறகு பிரேசிலின் சாவோ பாலோ. 2006 மே 16 காலை 06:30-க்குக் கிளம்ப வேண்டிய ஏர் பிரான்ஸ் விமானம் ஒன்பது மணி தாண்டித்தான் எழும்பியது. கிட்டத்தட்ட இரண்டரை மணி நேரத் தாமதம். எல்லா விமானத்துக்குமான போர்டிங் பாஸ் அவரிடம் இருந்தது. பாரிஸில் இறங்கியபோது சாவோ பாலோ விமானம் போய்விட்டது. அடுத்த விமானத்தில் ஏற்றினார்கள். அதனால் சாவோ பாலோவிலும் கனெக்ஷன் போனது. அசுன்சியோன் சேரும்போது 11 மணி நேரம் பிந்திவிட்டார்.

ஏர் பிரான்ஸின் பக்கம் சொன்னது, கிளம்பும்போது இருந்த தாமதம் விதியில் சொன்ன அளவைத் தொடவில்லை என்பது. 3,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணத்துக்கு அந்த அளவு 4 மணி நேரம். நீதிமன்றத்தின் பெரும் அமர்வு அதை ஏற்கவில்லை. பயணிக்கு வலிப்பது கடைசி ஊரில் இழந்த நேரம். அங்கே 3 மணி நேரமோ அதற்கு மேலோ பிந்தினால் நஷ்டஈடு உண்டு. முதல் ஊரில் எவ்வளவு நேரம் பிந்திக் கிளம்பினோம் என்பது அதற்கு நிபந்தனை ஆகாது.

இரண்டரை மணி நேரம் 11 மணி நேரமாக வளர்ந்த கணக்கைப் பாருங்கள். கனெக்ஷன் பயணத்தின் உண்மையான ஆபத்து அதில் இருக்கிறது. முதல் விமானத்தின் ஒவ்வொரு நிமிடமும் அப்படியே கூடுவதில்லை. குறிப்பிட்ட ஒரு நிமிடம் வரைக்கும் ஒன்றுமே ஆகாது, அதைத் தாண்டினால் அரை நாள் போய்விடும்.

அதற்குப் பிறகு வந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2014-இல் ஜெர்மன்விங்ஸ் வழக்கில், சேர்ந்த நேரம் என்றால் சக்கரம் தரையைத் தொட்ட நேரம் இல்லை, பயணிகள் இறங்குவதற்காக ஒரு கதவாவது திறக்கப்பட்ட நேரம் என்றார்கள். 2018-இல் பெர்லினிலிருந்து காசாபிளாங்கா வழியாக அகாதிர் போன பயணத்தில், மாறிய இடம் ஐரோப்பாவுக்கு வெளியே இருந்தாலும் ஒரே புக்கிங் என்றால் முழுப் பயணமும் ஒன்றுதான் என்றார்கள். 2019-இல் பிராகிலிருந்து அபுதாபி வழியாக பாங்காக் போன 11 பேருக்கு, முதல் விமானம் நேரத்துக்குப் போய் இரண்டாவது விமானம் 488 நிமிடம் பிந்தியும், டிக்கெட் விற்று முதல் விமானத்தை இயக்கிய செக் நிறுவனத்தையே பணம் கொடுக்கச் சொன்னார்கள். 2022-இல் டிராவல் ஏஜென்ட் மூலம் வாங்கிய ஸ்டட்கார்ட்–சூரிச்–பிலடெல்பியா–கான்சாஸ் சிட்டி டிக்கெட்டில், விமான நிறுவனங்களுக்கு இடையே சட்ட உறவு எதுவும் இல்லாவிட்டாலும் ஒரே விலையில் ஒரே டிக்கெட்டாக விற்றால் அது இணைப்புப் பயணம்தான் என்றார்கள். இந்தக் கடைசி வழக்கு என்னைப் போல டிக்கெட் போடுகிறவர்கள் தினமும் நினைவில் வைக்க வேண்டியது.

நம் ஆட்களுக்கு இது எங்கே தொடுகிறது

பாரிஸில் இருக்கும் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் பல வருடமாக என்னிடம்தான் டிக்கெட் போடுவார். ஒருமுறை பாரிஸிலிருந்து வளைகுடா நகரம் ஒன்றின் வழியாகச் சென்னைக்கு வந்தார். இடைவெளி இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. பாரிஸிலேயே முதல் விமானம் பிந்திவிட்டது. இறங்கியதும் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டார்.

"தம்பி, இனிப் போய் என்ன செய்ய? பிளேன் வெளிக்கிட்டிருக்கும். நான் இங்கேயே கதிரையில இருக்கிறன்."

"அக்கா, உட்காராதீங்க. கேட் நம்பரைப் பாருங்க, எந்திரிச்சு அங்கே போங்க. சாத்தியிருந்தாலும் பரவாயில்லை, கேட்டு முன்னாடி நின்னு போர்டை ஒரு போட்டோ எடுங்க."

மூச்சு வாங்கிக்கொண்டே போனார். போன் காதிலேயே இருந்தது. நடைபாதை ரப்பரில் செருப்பு தேய்வதும், பெட்டியின் ஒரு சக்கரம் மட்டும் கிறீச்சிடுவதும் எனக்குக் கேட்டது. கேட் சாத்தியிருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விமானம் நின்றிருந்ததாகச் சொன்னார். அங்கிருந்த பெண் தலையை ஆட்டிவிட்டு வேறு கவுண்டரைக் காட்டினாராம். அக்கா போட்டோ எடுத்து அனுப்பினார். சாத்திய கதவு, மேலே விமான எண், பக்கத்தில் கடிகாரம். அன்றிரவு ஒரு ஹோட்டல் கொடுத்தார்கள், மறுநாள் விமானத்தில் ஏற்றினார்கள்.

கதவு சாத்திய பிறகு போனதால் ஏற்ற மறுப்பு என்று எழுத வழியில்லை. பிரேமன் வழக்கின் வழியில்தான் எழுதினேன். கிளம்பிய இடம் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள், புக்கிங் ஒன்றே, சென்னையில் 4 மணி நேரத்துக்கு மேல் தாமதம், தூரம் 3,500 கிலோமீட்டருக்கு மேல். வானிலை என்று முதலில் பதில் வந்தது. அதே நேரத்தில் பக்கத்து ஓடுபாதையிலிருந்து மற்ற விமானங்கள் கிளம்பியதைக் காட்டி மறுபடி எழுதினேன். மூன்றாவது கடிதத்துக்குப் பிறகு பணம் வந்தது. மாதக்கணக்கில் ஆனது.

திசையைக் கவனியுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து கிளம்பினால் எந்த நாட்டு விமானமாக இருந்தாலும் இந்த விதி பொருந்தும். சென்னையிலிருந்து ஐரோப்பாவுக்குப் போகும்போது, ஐரோப்பிய ஒன்றியத்து நிறுவனத்தின் விமானமாக இருந்தால்தான் பொருந்தும். ஒரே ஆள், ஒரே பாதை, அங்கிருந்து வரும்போது இருக்கும் உரிமை இங்கிருந்து போகும்போது இல்லாமல் போகலாம். நார்வே, சுவிட்சர்லாந்திலும் இதே விதி நடக்கிறது. பிரிட்டன் விலகிய பிறகும் அதைத் தன் சட்டமாக வைத்துக்கொண்டது. அங்கே நீண்டதூரத்துக்கான தொகை 520 பவுண்டு.

இந்தியாவில் நிலைமை வேறு. ஆளை விருப்பத்துக்கு மாறாக ஏற்ற மறுத்தால், சிவில் விமானப் போக்குவரத்து இயக்ககத்தின் விதிப்படி, 24 மணி நேரத்துக்குள் மாற்று விமானம் தந்தால் அதிகபட்சம் ₹10,000, அதற்கு மேல் ஆனால் அதிகபட்சம் ₹20,000. தாமதத்துக்கு மட்டும் என்று நிர்ணயித்த ரொக்கம் கிடையாது. சர்வதேசப் பயணத்தில் 2009-இல் இந்தியா சேர்ந்த மான்ட்ரியல் உடன்படிக்கை இருக்கிறது. அதில் தாமதத்தால் ஏற்பட்ட நஷ்டத்தை ரசீதோடு நிரூபித்தால் கேட்கலாம். ஹோட்டல் பில், புது டிக்கெட், டாக்ஸி. எனவே எல்லா ரசீதும் வேண்டும்.

விமானம் சம்பந்தப்பட்ட ஒரு ரயில் வழக்கையும் சொல்ல வேண்டும். 2016 ஜூனில் அஜ்மீர்–ஜம்மு எக்ஸ்பிரஸ் 4 மணி நேரம் பிந்தி ஜம்மு சேர்ந்ததால் ஒரு குடும்பம் நண்பகல் ஸ்ரீநகர் விமானத்தைத் தவறவிட்டு டாக்ஸியில் போக நேர்ந்தது. ரயிலும் விமானமும் தனித்தனி டிக்கெட். ஆனாலும் 2021 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ரயில்வே நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்பதை உறுதி செய்தது. தாமதம் ஏன் என்று விளக்கி, அது தன் கையை மீறியது என்று நிரூபிக்க வேண்டியது ரயில்வே, அதைச் செய்யவில்லை என்றது. லக்சம்பர்க்கும் டெல்லியும் சட்டத்தில் வெகுதூரம். ஆனால் விளக்க வேண்டிய கடமை யாருக்கு என்பதில் இரண்டும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன.

தனித்தனி டிக்கெட் பற்றி என்னிடம் வருகிறவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். இரண்டு ஆப்பில் இரண்டு மலிவு டிக்கெட் வாங்கி நாமே கோத்துக்கொண்டால் மேலே சொன்ன ஐரோப்பியத் தீர்ப்புகளில் எதுவுமே அந்த இணைப்பில் நம்மைக் காக்காது. இரண்டாவது நிறுவனத்தின் கண்ணில் நாம் வராத பயணி. முழுக் காசும் போகும். பெட்டியை எடுத்து மறுபடி செக்-இன் செய்ய வேண்டும், சில நாடுகளில் அதற்கு விசாவே வேண்டும். நாலாயிரம் ரூபாய் மிச்சம் பிடிக்கப்போய் தங்கை கல்யாணத்துக்குப் போக முடியாமல் நின்ற ஒரு பையனின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

ஒரே டிக்கெட்டில் மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் போனில் சொல்வது எப்போதும் ஒன்றுதான். முதலில் கேட்டுக்குப் போங்கள். போகிற வழியில் ஊழியர் யாராவது தென்பட்டால் கனெக்ஷன் என்று சொல்லிக் கேட் எண்ணைக் காட்டுங்கள், பல இடங்களில் வரிசைக்கு முன்னால் விடுவார்கள். கதவு திறந்திருந்து ஏற்ற மறுத்தால், போர்டிங் பாஸ் ரத்தானதா, எத்தனை மணிக்கு ரத்தானது என்று கேளுங்கள். எழுதித் தரச் சொல்லுங்கள். தராவிட்டால் நேரத்தோடு படம் எடுங்கள். அ கொருன்யா பயணிகளின் வழக்கில் 15:17 என்ற அந்த எண் பதிவில் இருந்ததால்தான் நீதிபதிகளால் அதைப் பற்றிப் பேச முடிந்தது. மாற்று டிக்கெட் கொடுக்கும் கவுண்டரில் எதிலாவது கையெழுத்துக் கேட்டால் படித்துவிட்டுப் போடுங்கள். பழைய போர்டிங் பாஸைக் கிழித்துப் போடாதீர்கள்.

பாரிஸ் அக்கா இந்தக் கோடையில் மறுபடி வருகிறார். போன வாரம் பேசினார். "காசு கூடினாலும் பரவாயில்லைத் தம்பி, நடுவில நாலு மணித்தியாலம் வைச்சுப் போடுங்கோ. எனக்கு இனி ஓட ஏலாது." நாலு மணி பத்து நிமிடத்தில் ஒன்று கிடைத்தது. ஒரே பிஎன்ஆரில், அதாவது ஒரே புக்கிங் எண்ணில், போட்டுக் கொடுத்தேன்.